ராட்சத இயந்திரத்துக்கு யார் கிரீஸ் அடிப்பது?

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலை பெங்களூரு நெடுஞ்சாலையைச் சந்திக்கும் இடம் பாரிவாக்கம் சிக்னல். அங்கே ஓரமாகப் பத்து நிமிடம் நின்றால் ஒரு முழு இயந்திரக் கண்காட்சியே கண் முன்னால் கடந்து போகும். கன்டெய்னர் சுமந்த டிரெய்லர், எம்-சாண்ட் கொட்டிவிட்டுத் திரும்பும் டிப்பர், வயிற்றைச் சுழற்றிக்கொண்டே நகரும் கான்கிரீட் மிக்ஸர், கொக்கியில் ஒரு ஜெனரேட்டரைத் தொங்கவிட்டபடி ஊர்ந்து போகும் ஹைட்ரா கிரேன், பின்கையை மடக்கி முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு போகும் ஜே.சி.பி. இவற்றைப் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைவது என் பொழுதுபோக்கு. வரைந்து கை பழகியபின், இவற்றின் எலும்பையும் தசையையும் பிரித்தெடுத்து, உலகில் எங்குமே இல்லாத வேறொன்றாக மறுபடி பூட்டத் தொடங்கிவிடுவேன்: ஆள் உள்ளே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற, கால்களால் நடக்கிற ராட்சத இயந்திரம்.

இதை வரைபவர்கள் மெக் என்கிறார்கள். ஜப்பானில் இதற்கென்று அரை நூற்றாண்டு மரபே இருக்கிறது. நம் ஊரிலும் இதற்கான ஆசை புதிதில்லை. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் ‘சட்டித் தலையன்’ ஆர்ச்சி என்ற ரோபோவைப் படித்து வளர்ந்தவர்கள், சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ரோபோ நாய் ஜீனோவைக் காதலித்தவர்கள், 2010-ல் ‘எந்திரன்’ உச்சக்காட்சியில் நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள் ஒன்றுசேர்ந்து பேருருவம் எடுத்தபோது தியேட்டரில் கத்தியவர்கள் என்று மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பார்த்து ரசித்ததோடு நிற்காமல் தானே ஒன்றை வரைந்து பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

செலவு அதிகமில்லை. பென்சில், கோடு போடாத நோட்டு, அழிப்பான். தமிழ்நாட்டில் பொறியியல் முதலாண்டு படித்தவர் இருக்கும் வீடுகளில் பரண்மேல் ஒரு மினி டிராஃப்டர் தூசி படிந்து கிடக்கும். இருந்தால் அதையும் இறக்கிக்கொள்ளலாம். கணினியில் செய்ய விரும்புகிறவர்களுக்கு பிளெண்டர் இலவசமாகவே கிடைக்கிறது. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. படத்தைப் பார்க்கிறவர், ‘இது நிஜமாகவே எங்கோ ஒரு ஷெட்டில் நிற்கிறது’ என்று ஒரு நொடியாவது நம்ப வேண்டும். போல்ட்டும் நட்டும் ஒயருமாகப் பக்கத்தை நிரப்பினால் அந்த நம்பிக்கை வந்துவிடாது. இயந்திரம் எவ்வளவு கனம், அந்தக் கனத்தை எது தாங்குகிறது, பழுதானால் மெக்கானிக் எந்த வழியாகக் கையை விடுவார் என்ற மூன்று கேள்விகளுக்கும் படத்துக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில்களைக் கற்றுக்கொள்ள பாரிவாக்கம், ஆவடி, அம்பத்தூர் சூழ்ந்த இந்த மேற்குப் புறநகரைவிட நல்ல பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் கிடையாது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆவடி சொல்லித்தரும் கனம்

பாரிவாக்கத்திலிருந்து வடக்கே பருத்திப்பட்டைத் தாண்டினால் ஆவடி. அங்கே 1960-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. சுமார் 39 டன், 105 மில்லிமீட்டர் பீரங்கி. அதன்பின் ரஷ்ய வழி வந்த டி-72, டி-90 ரகங்களும் இங்கே உருவாயின. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்ததும் ஆவடியில் இருக்கும் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம்தான். அதன் மேம்பட்ட வடிவமான மார்க் 1ஏ, 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எடை 68 டன்.

இந்த எண்களை மெக் வரைபவர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. 1979-ல் யோஷியுகி டோமினோ இயக்கத்தில் வந்த ‘மொபைல் சூட் கன்டாம்’ தொடரில், குனியோ ஒகவாரா வடிவமைத்த நாயக இயந்திரத்தின் உயரம் 18 மீட்டர். கதைக் குறிப்பின்படி எடை 43.4 டன், எல்லாம் ஏற்றியபின் 60 டன். ஆவடியின் முதல் அர்ஜுன் 58.5 டன், ஆனால் அதன் உயரம் 2.3 மீட்டர்தான். ஆறு மாடிக் கட்டடம் அளவு இரும்பு மனிதனும், ஒரு ஆள் எம்பினால் மேல்மூடியைத் தொட்டுவிடக்கூடிய டாங்கியும் ஏறக்குறைய ஒரே கனம். 1.75 மீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள மனிதரை அப்படியே 18 மீட்டருக்குப் பெரிதாக்கினால் 76 டன் வரும். அதாவது அந்த இயந்திரம் தசையையும் ரத்தத்தையும்விட லேசானது. பாரிவாக்கம் ஏரியில் இறக்கினால் மிதக்கும்.

இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஒகவாராவின் வடிவங்கள்மீது எனக்கு அளவில்லாத மதிப்பு உண்டு. உயரத்தைக் கூட்டும்போது கனம் எப்படித் தாவி ஏறுகிறது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. உயரம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்கு ஆகிறது. தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் கூடுகிறது. ஆகவே கால் எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்பைப்போல இரு மடங்கு சுமக்க வேண்டும். கலிலியோ 1638-ல் இதை எழுதினார். பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று புவனேஸ்வரத்தில் வாழ்ந்து மறைந்த உயிரியலாளர் ஹால்டேன், 1926-ல் இதே விஷயத்தை வைத்து அருமையான கட்டுரை ஒன்றை எழுதினார். யானையின் கால் மான் காலைப்போல மெல்லியதாக இருக்க முடியாததன் காரணம் இதுதான். யோகோஹாமா துறைமுகத்தில் 2020 முதல் 2024 வரை நிஜமாகவே அசைந்து நின்ற 18 மீட்டர் கன்டாம், 25 டன் எடையோடு, இடுப்பில் ஒரு தாங்கி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டால்தான் காலைத் தூக்கும்.

கனத்தைத் தரையோடு இணைப்பது பாதம். அர்ஜுனின் அகலச் சங்கிலிப் பட்டை மண்ணின் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 0.85 கிலோ அழுத்தம்தான் தருகிறது. அதனால்தான் அந்தக் கனத்தோடு அது ராஜஸ்தான் மணலில் புதையாமல் ஓடுகிறது. 60 டன் மெக் நடக்கும்போது ஒரு கால் மேலே இருக்கும். முழுக் கனமும் மற்றதன்மீது. அதே அழுத்தத்துக்குள் அடங்க வேண்டுமானால் ஒரு பாதத்தின் பரப்பு ஏழு சதுர மீட்டர், அதாவது மூன்றரை மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும். வரைந்து பாருங்கள், அழகான குதிகால் வைத்த கால்கள் எல்லாம் காணாமல் போய், அகலப் பாதம் வைத்த தடித்த உருவம் ஒன்று வந்து நிற்கும். அது வந்தவுடனே படத்தில் கனம் ஏறிவிடுவதை நீங்களே உணர்வீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆவடி பாதுகாப்புத் துறை வளாகங்களின் அருகே கேமராவோ நோட்டோ எடுக்க வேண்டாம். குடியரசு தின அணிவகுப்பின் படங்கள் வரைவதற்குத் தாராளமாகப் போதும். பக்கத்துக்கு ஏழு சாலைச் சக்கரங்கள் இருந்தால் அர்ஜுன், ஆறு இருந்தால் டி-72 அல்லது டி-90 என்று எண்ணிப் பழகுவதே கண்ணுக்கு நல்ல பயிற்சி.

கனமான ஒன்றை நகர்த்துவது நமக்குப் பழைய வித்தையும்கூட. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன். வடம் பிடிப்பவர்களைவிட, சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர்களைக் கவனியுங்கள். இன்று அந்தத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் செய்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது, முட்டுக்கட்டையும் இருக்கிறது. ராட்சத உருவத்தைக் கட்டுப்படுத்தச் சுற்றிலும் ஆட்கள் தேவை என்பதை எந்த மெக் ஓவியமும் மறக்கக் கூடாது.

மூட்டு

மெக் வரையத் தொடங்குகிறவர்கள் அதிகம் சறுக்குவது முழங்காலில்தான். தொடைக்கும் கணுக்காலுக்கும் நடுவில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வட்டத்தை எது திருப்புகிறது?

சாலையோரம் பள்ளம் தோண்டும் பொக்லைன் இதற்குப் பதில் சொல்லும். அதன் கையில் மூன்று மூட்டுகள், மூன்றையும் அசைப்பவை பளபளக்கும் தண்டு வைத்த ஹைட்ராலிக் சிலிண்டர்கள். பெரிய பொக்லைன்களில் எண்ணெய் அழுத்தம் சுமார் 350 பார். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு பிஸ்டன் அந்த அழுத்தத்தில் 27 டன்னுக்கு மேல் தள்ளும். ஆனால் அது மூட்டின் மையத்தையே தள்ளினால் எதுவும் திரும்பாது. சிலிண்டரின் முனை மூட்டிலிருந்து கொஞ்சம் விலகி ஒரு காதில் பின் போட்டு மாட்டியிருக்கும். அந்த விலகல்தான் நெம்புகோல். இன்னொன்று: மூடியிருக்கும்போது ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண சிலிண்டர் முழுக்க நீண்டாலும் இரண்டு மீட்டரைத் தொடாது, தண்டு உள்ளே ஒளிய இடம் வேண்டுமே. அதற்குமேல் நீள வேண்டுமானால் டிப்பர் லாரியின் தொட்டிக்கு முன்னால் நிற்பதுபோல் குழாய்க்குள் குழாய் வைத்த சிலிண்டர் போட வேண்டும்.

ஹோஸ் பைப்புகளையும் பாருங்கள். மூட்டைக் கடக்கும் இடத்தில் அவை இறுக்கமாக இருப்பதில்லை. கை மடங்கும்போது தேவைப்படும் நீளத்தை வளைவாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த வளைவைச் சரியாக வரைந்தால், அசையாத படத்திலேயே கை எவ்வளவு தூரம் மடங்கும் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு பின்னுக்கும் அருகே ஒரு சிறிய கிரீஸ் நிப்பிள், அதைச் சுற்றி மண்ணோடு கலந்து வழிந்த கறுப்பு. காலையில் வேலை தொடங்குமுன் ஆபரேட்டரோ ஹெல்பரோ கிரீஸ் கன்னோடு ஒவ்வொரு மூட்டாகப் போவார். நீங்கள் வரையும் 12 மீட்டர் உயர இயந்திரத்தின் தோள்மூட்டுக்கு அவர் எப்படிப் போவார்? ஏணி வேண்டும், கைப்பிடி வேண்டும், காலை வைக்க முரடான தகடு வேண்டும். ஏணிப் படிகளுக்கு நடுவே ஒரு அடி இடைவெளி விட்டு வரைந்தாலே இயந்திரத்தின் முழு அளவும் கண்ணுக்குப் புரிந்துவிடுகிறது. பக்கத்தில் மனித உருவம் வரையக்கூடத் தேவையில்லை.

மூட்டு சரியாக வேலை செய்யுமா என்று சோதிக்க எளிய வழி உண்டு. காலண்டர் அட்டையில் தொடை, கால், பாதம் என்று வெட்டி, மூட்டுக்குக் குண்டூசி குத்தி, அசைத்துப் பாருங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே மடங்க மறுக்கிறது என்பது உடனே தெரியும். இடிக்கிற இடத்தில் தகட்டை வெட்டிவிட வேண்டும். பொக்லைன் கையின் விளிம்புகள் அப்படி வினோதமாக வளைந்திருப்பது அதனால்தான்.

பரப்புகளைக் கற்க அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960-களில் உருவான அந்தப் பேட்டையின் சிறு பட்டறைகளின் வாசலில், வண்டி ஏறக் காத்திருக்கும் பாகங்களைப் பாருங்கள். காஸ்டிங்கில் வந்தது சொரசொரப்பாக, முனை மழுங்கி, விலா எலும்புபோல் ரிப் ஓடி இருக்கும். வளைத்த தகட்டில் மடிப்பு ஒருபோதும் கத்திமுனையாக இராது. லேத்தில் கடைந்த முகம் மட்டும் கண்ணாடிபோல் மின்னும், அதன் ஓரத்தில் மெல்லிய சேம்ஃபர். இந்த மூன்றையும் பென்சிலில் வேறுபடுத்திக் காட்டத் தெரிந்துவிட்டால், ‘இதை யாரோ ஒரு தொழிலாளி செய்திருக்கிறார்’ என்ற உணர்வு படத்தில் வந்துவிடும். டர்னர், ஃபிட்டர் வேலை பார்த்தவர்களிடம் படத்தைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். ‘இந்த போல்ட்டுக்கு ஸ்பேனர் எப்படிப் போகும்?’ என்று அவர்கள் கேட்கும் ஒரு கேள்வி பத்து ஓவியப் புத்தகங்களுக்குச் சமம்.

யானைக்குள் ஆட்கள்

நம் இலக்கியத்தில் மெக் இருக்கிறது என்றால் மிகையாகத் தோன்றலாம். கொங்குவேளிரின் ‘பெருங்கதை’ சொல்லும் உதயணன் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். உஞ்சை அரசன் பிரச்சோதனன் ஒரு எந்திர யானையைச் செய்வித்து, உள்ளே வீரர்களை ஒளித்துக் காட்டில் உலவ விடுகிறான். அதை நிஜ யானை என்று நம்பிய உதயணன் பிடிபடுகிறான். உதயணன் சாதாரண ஆள் இல்லை. யாழிசைத்து மதயானையை அடக்கத் தெரிந்தவன், யானை நூல் அறிந்தவன். அவனையே நம்பவைக்க வேண்டுமானால் அந்த யானையின் நடையும் கனமும் எவ்வளவு சரியாக இருந்திருக்க வேண்டும்! விஷயம் தெரிந்தவரையும் நம்பவைப்பதுதான் இந்தக் கலையின் உச்ச அளவுகோல் என்பதை அந்தக் கதை அன்றே வைத்துவிட்டது. ‘சீவக சிந்தாமணி’யின் மயிற்பொறிக்கும் திருத்தக்கதேவர் ஓட்டும் முறை வைத்திருக்கிறார்: விசையை வலப்பக்கம் திருகினால் எழுந்து பறக்கும், இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து அமரும். அரசி விஜயை அதை ஓட்டப் பழகுகிறாள். ஓட்டுபவரின் கை எங்கே, எதைப் பிடிக்கிறது என்று யோசித்த கவிஞர் அவர்.

ஓட்டுவதன் கஷ்டம் நிஜ உலகிலும் தெரிந்ததுதான். 1960-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ரால்ஃப் மோஷர் நான்கு கால் ‘நடக்கும் லாரி’ ஒன்றைச் செய்தார். ஓட்டுபவரின் இரு கைகளும் இயந்திரத்தின் முன்கால்களை, இரு கால்களும் பின்கால்களை அசைக்க வேண்டும். அது நடந்தது, காரைக்கூடத் தள்ளியது. ஆனால் ஓட்டியவர் சிறிது நேரத்திலேயே சோர்ந்துபோனார். நீங்கள் வரையும் மெக்கின் கேபினில் இருக்கையும் லீவரும் வைக்கும்போது, உள்ளே எட்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கப்போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் வைக்க இடமும், சித்திரை வெயிலுக்கு ஒரு மின்விசிறியும் கொடுங்கள்.

ஜப்பானியப் படைப்புகளில் என் மனதுக்கு நெருக்கமானது 1988-ல் தொடங்கிய ‘பட்லேபர்’. அதில் மெக்குகள் கட்டுமான வேலைக்காகப் பிறந்தவை. அவற்றால் வரும் குற்றங்களைத் தடுக்கப் போலீஸும் மெக் வைத்திருக்கிறது. பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளுக்கும் கதையில் பெரிய இடம். ஜே.சி.பி.யும் டிப்பரும் நிறைந்த பாரிவாக்கத்துக்காரருக்கு விண்வெளிப் போரைவிட அந்த உலகம் எளிதில் பிடிபடும்.

இந்த ஆசை நோட்டைத் தாண்டிப் போனதும் உண்டு. கேரளத்தில் குற்றிப்புறம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலர், ஆள் உள்ளே நின்று இயக்கும் எக்ஸோஸ்கெலிட்டன் செய்யும் முயற்சியில் இருந்தார்கள். 2015-ல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் சிக்கிய இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் இறந்துபோனார்கள். அந்த மாணவர்கள் உருவாக்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் பிறகு ‘பேண்டிகூட்’ இயந்திரத்தைச் செய்தது. மேன்ஹோலுக்குமேல் நிற்கும் சட்டகத்திலிருந்து கால்களை ஊன்றி உள்ளே இறங்கி, கையால் கசடை அள்ளும். ஆபரேட்டர் மேலே, வெயிலில் பத்திரமாக, திரையைப் பார்த்து இயக்குவார். 2018-ல் திருவனந்தபுரத்தில் பணியைத் தொடங்கிய அது தமிழ்நாட்டுக்கும் வந்தது. ராட்சத உடையைக் கனவு கண்டவர்களின் கையிலிருந்து, மனிதர் இறங்கவே கூடாத குழிக்குள் இறங்கும் இயந்திரம் வந்தது. எனக்குத் தெரிந்து இந்தியாவின் மிக முக்கியமான மெக் அதுதான்.

ஏரிக்கு ஒரு மெக்

அதனால் நானும் துப்பாக்கி வைத்த மெக்குகளை விட்டுவிட்டு, பாரிவாக்கம் ஏரிக்கு ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். வேலை: ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடுவது, வண்டல் அள்ளுவது. சேற்றில் சாதாரண பொக்லைன் இறங்கினால் அதை மீட்க இன்னொரு பொக்லைன் வரவேண்டும். கால் இருக்கும் இயந்திரத்துக்கு நியாயமான இடம் இதுதான். சுவிட்சர்லாந்தின் மென்ஸி மக் நிறுவனம் மலைச்சரிவுக்காகக் கால் வைத்த பொக்லைன்களை 1960-களிலிருந்தே செய்துவருவதால், இது வெறும் கற்பனையும் இல்லை.

எடை 12 டன் என்று வைத்தேன். கால்கள் ஆறு, எப்போதும் மூன்று தரையில் இருக்கும். ஈரச் சேற்றுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ என்று கணக்குப் போட்டால், ஒவ்வொரு பாதமும் 1.3 மீட்டர் விட்டமுள்ள தட்டாக வருகிறது. ஆனால் அவ்வளவு பெரிய தட்டைச் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். தூக்கவே பாதி எண்ணெய் அழுத்தம் போய்விடும். விடை ஏரிக்குள்ளேயே மேய்ந்துகொண்டிருந்தது. எருமை காலை ஊன்றும்போது குளம்பு இரண்டாக விரிகிறது, இழுக்கும்போது குவிந்து சுலபமாக வெளியே வருகிறது. ஆகவே தட்டை இரண்டாகப் பிளந்து நடுவில் கீல் வைத்தேன். கனம் இறங்கும்போது தானாக விரியும், தூக்கும்போது மடங்கும். தனி சிலிண்டர் வேண்டாம்.

உடம்பு மஞ்சள். வெயிலில் வெளுத்து, கேபின் கதவருகே கைபட்டுக் கறுத்த மஞ்சள். பின்புறம் பூந்தமல்லி வட்டார அலுவலகத்தின் டி.என். 12 நம்பர் பிளேட். பக்கவாட்டில் மோதல் தாங்கப் பழைய லாரி டயர்கள். முன்கால் ஒன்றில் கறுப்புக் கயிறு, கேபினுக்குக் கீழே எலுமிச்சையும் மிளகாயும். ஆறு முழங்கால்களிலும் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பாதி அழிந்து தெரிய வேண்டும். இவற்றை அலங்காரத்துக்காக வைக்கவில்லை. ஒரு இயந்திரத்தை நம்பிப் பிழைக்கிறவர் அதை எப்படி நடத்துவார் என்பதற்கு இவைதான் சாட்சி. இந்த ஊரில் ஓடும் எந்தப் பெரிய வண்டியும் இவை இல்லாமல் ஓடுவதில்லை.

கிரீஸ் நிப்பிள்களைக் காலின் மேல்பக்கத்துக்குக் குழாய் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன், ஹெல்பர் சேற்றில் இறங்காமலேயே அடிக்கலாம். எக்ஸாஸ்ட் கேபினுக்குப் பின்னால் மேல்நோக்கி, மழைநீர் போகாதபடி மூடியோடு. மிச்சம் இருக்கும் பிரச்சினை போக்குவரத்து. இந்த இயந்திரம் ஏரிக்கு நடந்து வராது, லோ-பெட் டிரெய்லரில்தான் வரும். சாலையில் வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆறு கால்களும் அந்த அளவுக்குள் மடங்கியாக வேண்டும். நடுக்கால்கள் இரண்டும் இப்போதைய வடிவத்தில் டீசல் டேங்கை இடிக்கின்றன. டேங்கை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் வைத்தால் எடை சமமாகும், ஆனால் வால்வுப் பெட்டிக்குக் கை போகாது. நடுக்கால்களின் தோள்மூட்டை அரை அடி மேலே ஏற்றினால் இரண்டும் தீரும் என்று தோன்றுகிறது. காலண்டர் அட்டையில் வெட்டி, குண்டூசி குத்தி, மடக்கிப் பார்க்க வேண்டும்.